பாவலன் மகன்



அயர்லாந்தில் 'வார்டு' என்னும் குடும்பப் பெயர் பரவலாக வழங்குகிறது. ஆங்கிலம் அறிந்தோர் அதற்குக் 'காவலன்' என்றே பொருள் கொள்வர். இங்கிலாந்து வார்டுகளுக்கு அது பொருந்தும். அயர்லாந்து வார்டுகள் பலருக்குப் பொருந்தாது. அவர்தம் முன்னோர் பெயர் ஐரிஷ் மொழியில் 'மாக் அன் வார்ட்'. 'மாக்' என்பது மகன். 'பார்ட்' என்பது பாவலன். 'பாவலனது' என வேற்றுமை ஏற்குங்கால் முதலிலுள்ள பகரம் வகரமாக மெலிந்தொலிக்கும். ஆக, பெயரின் பொருள் 'பாவலன் மகன்' என்பதே.

டோனகல் பகுதியில் ஓ டோனல் குடித்தலைவர்க்கு வழிவழியாக அவைப்புலவராய் விளங்கியோர் இவர்கள். 1607இல் அத்தலைவர் நாடு நீங்கினார். மறு ஆண்டே உரோமையில் மறைந்தார். அவர் உடன்பிறந்தாள் நூலாவின் துயரை முன்னிறுத்தி இரங்கற்பாப் பாடியவர் ஓவன் ருவா மாக் அன் வார்ட்.

புரவலர் போயினர், புலமைத்தொழிலும் நலிந்தது. ஐரிஷ் பெயர்களைக் காதால் கேட்டவாறு ஆங்கிலத்தில் எழுதினர் எழுத்தர். மக்கனவார்டு, மக்கவார்டு, மக்வார்டு என வடிவங்கள் பெருகின; பின்னர் 'மாக்' உதிர்ந்து, 'வார்டு' மட்டும் எஞ்சியது. லூவெய்ன் நகரில் வாழ்ந்து 1635இல் மறைந்த இக்குடித் துறவி ஹியூ வார்டு, இலத்தீனில் 'வார்தேயுஸ்' ஆனார். டோனகலில் 'லெட்டர்மக்கவார்டு' என்னும் ஊர்ப்பெயரோ முழுப்பெயரையும் இன்றும் ஏந்தி நிற்கிறது.

அன்பர்களே, உதிர்ந்தது 'மகன்', எஞ்சியவன் பாவலன். ஆயினும் அவனைக் காவலன் என்றே உலகம் அழைக்கிறது. எழுத்து மறைத்த அவனை ஒலி காத்து வைத்திருக்கிறது. ஒலியைத் தொழிலாகக் கொண்ட நாம் அவனை அடையாளம் காண்போமாக.