வீட்டைப் பார்க்காதீங்க, தெருவைப் பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் காட்டுப்பள்ளி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. குழுக் கூட்டத்துல பேசுற மாதிரிதான் பேசுவேன். தலைவி அக்கா சொன்னாங்க: "நம்ம குழுவுல இந்த வருஷம் நாலஞ்சு குடும்பம் மெட்ராஸுக்குக் குடி போகலாமான்னு யோசிக்குது. நீ போய் அஞ்சு வருஷம் இருந்துட்டு வந்தவ. என்ன பார்த்துப் போகணும்னு சொல்லு." அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

நாங்க 2019 ஜூன் மாசம் போனோம். மூத்த பொண்ணுக்கு காலேஜ்ல இடம் கிடைச்சது. சின்னவன் ஏழாவது. வீட்டுக்காரருக்கு ஏரியில இறாலும் நண்டும் முன்ன மாதிரி இல்ல. வாரத்துல நாலு நாள் வெறும் வலையோட வருவார். சரி, நகரத்துல ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கலாம்னு கிளம்பிட்டோம்.

நாம குடிபெயர்றது இது முதல் தடவை இல்ல. துறைமுகம் வந்தப்ப நம்ம குப்பமே இடம் மாறிச்சு. உங்களுக்கு நினைவிருக்கும். ஆனா அப்ப ஊரோட போனோம். கோயில் வந்துச்சு, பஞ்சாயத்து வந்துச்சு, பக்கத்து வீட்டு அண்ணியும் வந்தாங்க. தனிக் குடும்பமா போறது வேற. அங்க நம்ம பேரைக்கூட யாருக்கும் தெரியாது. இந்த வித்தியாசம் எனக்குப் போன பிறகுதான் புரிஞ்சது.

முதல் வீட்டை நாங்க எப்படிப் பிடிச்சோம் தெரியுமா? புரோக்கர் வாட்ஸப்புல நாலு போட்டோ அனுப்பினார். டைல்ஸ் தரை, உள்ளேயே பாத்ரூம், ஏழாயிரம் வாடகை. நகரத்தோட மேற்குப் பக்கம் ஒரு தெரு. ஒரே ஒரு தடவை, பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். தெரு அமைதியா இருந்துச்சு. "எவ்வளவு அமைதி பாருங்க"ன்னு நானே சந்தோஷப்பட்டேன். பத்து மாச அட்வான்ஸ் எழுபதாயிரம். அதுல நாற்பதாயிரம் நம்ம குழு உள்கடன். மிச்சம் என் சங்கிலி அடகுக்குப் போச்சு.

சாமான் இறக்கின அன்னிக்கு ராத்திரிதான் வீட்டுக்கார அம்மா சொன்னாங்க, மீன் சமைக்கக் கூடாதுன்னு. கருவாட்டு டப்பாவைப் பார்த்துட்டு, "இது வாசல் தாண்டி வரக் கூடாது"ன்னாங்க. கடலோரத்துக்காரங்க சத்தமா பேசுவீங்க, மெதுவாப் பேசுங்கன்னாங்க. அதையெல்லாம்கூட பொறுத்துக்கிட்டோம். லாரித் தண்ணி வர்ற அன்னிக்குக் குடத்தோட போய் நின்னா, "இது எங்க தெரு லைன், நீங்க கடைசியில வாங்க"ன்னு சொல்லுவாங்க. கடைசியில போனா தண்ணி தீர்ந்திருக்கும்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி. சின்னவனுக்கு வீசிங் வந்துடுச்சு. மூச்சு இழுக்குது, உதடு கறுக்குது. வீட்டுக்காரர் அன்னிக்கு ஊருக்கு வந்திருந்தார். போனை எடுத்தா சார்ஜ் இல்ல. மூணு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டுல லைட் எரிஞ்சது. ஜன்னல்ல ஒரு நிழல் வந்து பார்த்துச்சு. அப்புறம் லைட் அணைஞ்சுடுச்சு. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். அங்க தூங்கிக்கிட்டிருந்த ஒரு ஆட்டோக்காரத் தம்பிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். காசு வாங்கல.

அந்த லைட் அணைஞ்சது இருக்கே, அதை நான் இன்னிக்கும் மறக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், டைல்ஸ் தரை வேண்டாம், கதவைத் திறக்கிற தெரு வேணும்னு. நாலாவது மாசம் காலி பண்ணோம். பெயின்ட் அடிக்கணும்னு பதினஞ்சாயிரம், சொல்லாம கிளம்பினதுக்கு ரெண்டு மாச வாடகைன்னு பதினாலாயிரம் பிடிச்சுக்கிட்டு நாற்பத்தோராயிரம்தான் கையில கொடுத்தாங்க. எழுத்துல ஒண்ணுமே இல்லாததால கேட்க முடியல.

இரண்டாவது தடவை அவசரப்படல. குழுவுல நமக்குப் பஞ்ச சூத்திரம் சொல்லிக் கொடுத்தாங்க இல்லையா? முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கேடு. ஒரு குழு நல்ல குழுவான்னு இந்த அஞ்சை வெச்சுத்தான் பார்க்குறோம். அதே மாதிரி தெருவுக்கும் அஞ்சு விஷயம் வெச்சுப் பார்த்தேன்.

முதல் விஷயம், மூணு வேளை போய்ப் பாருங்க. காலையில ஆறு மணி, சாயங்காலம் அஞ்சு மணி, ராத்திரி ஒன்பது மணி. காலையில தண்ணி பிடிக்கிற இடத்துல பொம்பளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுறாங்களா? சாயங்காலம் பிள்ளைங்க தெருவுல விளையாடுதா? ராத்திரி வேலை முடிஞ்சு தனியா ஒரு பொண்ணு நடந்து வர முடியுதா, தெரு விளக்கு எரியுதா? நான் முதல்ல அமைதின்னு நினைச்சது அமைதியே இல்ல. யாரும் யாரையும் பார்க்காத தெரு அது.

இரண்டாவது, தண்ணி வரிசையைப் பாருங்க. நம்ம ஏரியில பாடு முறை இருக்கு. யார் எந்த நாள் எந்த இடத்துல வலை போடணும்னு முறை வெச்சிருக்காங்க. அதனாலதான் சண்டை குறைவு. தண்ணி வரிசையும் ஒரு பாடுதான். முறை இருக்கிற தெருவுல புதுசா வந்தவளுக்கும் ஒரு முறை கிடைக்கும். சத்தம் பெருசா இருக்கிறவங்களுக்கு மட்டும் தண்ணி கிடைக்கிற தெரு நமக்கு வேண்டாம்.

மூணாவது, வீட்டுக்காரர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி, அங்க குடி இருக்கிறவங்களைக் கேளுங்க. வாடகை எவ்வளவு, கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறாங்க, மீன் சமைக்கலாமா, விருந்தாளி வரலாமா, இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீங்க. அப்புறம், மழைக்கு எவ்வளவு தண்ணி நிக்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் இங்க என்ன ஆச்சுன்னு கேளுங்க. சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கும், பெயின்ட் அடிச்சாலும் தெரியும். தண்ணி நின்னப்ப யார் வந்து பார்த்தாங்க, யார் சோறு கொடுத்தாங்கன்னும் கேளுங்க. அந்தப் பதில்ல தெருவோட குணம் தெரிஞ்சுடும்.

நாலாவது, தூரக் கணக்கு போடுங்க. வாடகை ரெண்டாயிரம் குறைவுன்னு தூரமா போனா, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அதைவிட அதிகமாப் போகும். 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல நமக்குக் கட்டணம் இல்ல. அந்த பஸ் எந்த ஸ்டாப் வரைக்கும், எத்தனை மணி வரைக்கும் வருதுன்னு பாருங்க. மீஞ்சூர் பக்கம் வர்ற மின்சார ரயில் கிட்ட இருந்தா ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம். தொழிலையும் பாருங்க. சுனாமிக்கப்புறம் கடலோரத்துக் குடும்பங்கள் சிலதைச் செம்மஞ்சேரியில குடி வெச்சாங்க. வீடு கிடைச்சது, ஆனா கடலும் மீன் மார்க்கெட்டும் தூரமாப் போச்சு. கூடை தூக்கி வித்த பொம்பளைக்கு அது பெரிய அடி.

அஞ்சாவது, எழுத்துல வாங்குங்க. தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இது தெரியாமத்தான் நான் எழுபதாயிரத்தைத் தூக்கிக் கொடுத்தேன். கொடுத்த பணத்துக்கு ரசீது, காலி பண்ணும்போது எதுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு ஒரு வரி. இது ரெண்டும் இல்லாம சாமான் ஏத்தாதீங்க. ரேஷன் கார்டு நினைச்சுப் பயப்படாதீங்க, இப்ப தமிழ்நாட்டுல எந்த ரேஷன் கடையிலயும் நம்ம அரிசியை வாங்கலாம்.

ஆறாவதா ஒண்ணு இருக்கு. அது என்ன பார்க்கணும்ங்கிறது இல்ல, எதைப் பார்த்து ஒதுக்கக் கூடாதுங்கிறது. ஊர் பேரைக் கேட்டு ஒரு இடத்தை ஒதுக்கிடாதீங்க. கண்ணகி நகர்னு சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறவங்க இருக்காங்க. நகரத்துக்குள்ள குடிசையில இருந்தவங்களை 2000-த்துலேர்ந்து கொண்டு போய்க் குடி வெச்ச இடம் அது. அந்தக் கண்ணகி நகர்லேர்ந்து போன கார்த்திகாங்கிற பொண்ணுதான் 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கபடியில தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு விளையாட இடமும் சொல்லிக் கொடுக்க ஆளும் அதே கண்ணகி நகர்லதான் கிடைச்சது. கெட்ட பேர் வாங்கின இடத்துலயும் நல்ல தெரு இருக்கும். நல்ல பேர் வாங்கின இடத்துல லைட் அணைக்கிற ஜன்னலும் இருக்கும். அதை நான் பார்த்தவ.

இப்படி மூணு இடம் பார்த்து, கடைசியில திருவொற்றியூர்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடிச்சோம். பழைய வீடு. சிமென்ட் தரை, பாத்ரூம் வெளியில. முதல் நாள் சாமான் இறக்கும்போது எதிர் வீட்டுப் பாட்டி திண்ணையில உட்கார்ந்துகிட்டு, "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாங்க. பழவேற்காடு பக்கம்னேன். "அட, அப்ப மடவை கொண்டு வருவியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாலு மாசமா யாரும் என் ஊரைக் கேட்கல. கேட்டவங்களும் மூக்கைச் சுளிக்கத்தான் கேட்டாங்க.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. ரயில் இல்ல, பஸ் இல்ல, வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. அந்தத் தெருவுல ஆறு பொம்பளைங்க சேர்ந்து அரிசி, பருப்பை ஒண்ணாப் போட்டுப் பங்கு வெச்சோம். எந்த வீட்டுல எவ்வளவு எடுத்தாங்கன்னு நோட்டுல எழுதினது நான். கணக்கேடு எழுதத் தெரிஞ்சவன்னு அன்னிக்குத் தெருவுல எனக்கு ஒரு மரியாதை. குழு கத்துக் கொடுத்தது எங்க போனாலும் கூட வரும், தங்கச்சிகளா. சும்மா போய் நின்னு "என்னைச் சேர்த்துக்குங்க"ன்னு கேட்கிறதைவிட, கையில ஒரு வேலையோட போனா சீக்கிரம் சேர்த்துக்குவாங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

நான் மெட்ராஸ் போறதுக்கு முந்தின வருஷம். இந்தப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு ஒடிசாக் குடும்பம் நம்ம ஊர்ல வாடகைக்கு இருந்துச்சு. அந்தப் பொண்ணு இடுப்புல குழந்தையோட, கையில குடத்தோட குழாயடியில வந்து நிக்கும். தமிழ் தெரியாது. சிரிக்க மட்டும் தெரியும். ஒரு நாள் தண்ணி குறைவா வந்துச்சு. "முதல்ல ஊர்க்காரங்க பிடிக்கட்டும், நீ அப்புறம் வா"ன்னு கையைக் காட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே பின்னாடி போச்சு. அன்னிக்குத் தண்ணி கிடைச்சுதான்னு நான் திரும்பிப் பார்க்கல.

மெட்ராஸ்ல எனக்கு அதே வார்த்தையைச் சொன்னாங்க பாருங்க, அப்பத்தான் அந்த முகம் ஞாபகம் வந்துச்சு. 2024 மே மாசம் நாங்க ஊர் திரும்பினதும் முதல் வேலையா அந்தப் பொண்ணைத் தேடினேன். அந்தக் குடும்பம் எங்கேயோ போயிடுச்சு. மன்னிப்புக் கேட்க ஆள் இல்ல.

அதனால கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, நகரத்துல குடி இருக்கிற நம்ம உறுப்பினர் குடும்பங்களோட விவரத்தை, அவங்க சம்மதத்தோட, ஒரு நோட்டுல எழுதி வைப்போம். இனிமே போற பொண்ணு புரோக்கர் போட்டோவை நம்பிப் போக வேண்டாம். நம்ம ஆள் ஒருத்தர் கூடப் போய் மூணு வேளை தெருவைப் பார்த்துட்டு வரட்டும். ரெண்டு, நம்ம ஊருக்குப் புதுசாக் குடி வர்ற குடும்பத்தை ஒரு வாரத்துக்குள்ள ஒரு குழு உறுப்பினர் போய்ப் பார்க்கணும். குழாய் எத்தனை மணிக்கு வரும், நர்ஸ் அம்மா எந்த நாள் வருவாங்க, ராத்திரி ஆபத்துன்னா எந்த வீட்டைத் தட்டணும்னு சொல்லிட்டு வரணும். பாஷை தெரியலைன்னா கையைக் காட்டிச் சொல்லலாம். போகச் சொல்லிக் கை காட்டினவ நான், வரச் சொல்லியும் காட்ட முடியும்.

இதை இன்னிக்கே தீர்மானப் புத்தகத்துல எழுதினா நல்லா இருக்கும். முதல் கையெழுத்து நான் போடறேன்.