மஞ்சள் கரிசலாங்கண்ணி
(கிராமச் சங்கக் கூட்டமொன்றில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்று தவணைப் பாக்கியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நம் வாய்க்கால் கரையில் முளைக்கும் ஒரு சிறு பூண்டைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். அதுதான் மஞ்சள் கரிசலாங்கண்ணி. பொற்றலைக் கையாந்தகரை என்று வைத்தியர் வழங்குவதும் இதுவே.

இது சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு பூவென்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டமாகும். ஓரத்துப் பூக்கள் இதழ்போல் விரிந்து பூச்சிகளை அழைக்கின்றன; நடுவிலுள்ளவை நெருங்கி நின்று மகரந்தம் அளிக்கின்றன.

இதற்கு ஒரு போலி உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து தோட்டத்து அழகுக்காகக் கொணரப்பட்ட மஞ்சட்பூக் கொடி அது. உலகில் மிகுந்த கேடு செய்யும் அந்நிய உயிரினங்கள் 100 எனத் தொகுத்த ஜாபிதாவில் அதுவும் ஒன்று. அது பாய் விரித்தாற்போல் தரையை மூடி, மற்றப் பூண்டுகளை வளரவொட்டாது.

நான் மேற்பார்வை செய்த ஒரு சங்கத்தில், ஏழைப் பெண்கள் கீரையைப் பறித்து உலர்த்திச் சங்கத்தின் மூலம் விற்று வந்தார்கள். யாரோ ஒருவர் அறியாமல் கொணர்ந்த போலி, குவியலில் கலந்துவிட்டது. வியாபாரி மூட்டை முழுவதையும் திருப்பிவிட்டார். உலர்ந்து நொறுங்கிய இலையைப் பிரிக்க இயலவில்லை. எல்லோருடைய கூலியும் போயிற்று. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு: நான் கணக்கைப் பார்த்தேனேயன்றி இலையைப் பார்க்கவில்லை.

ஆகையால் கவனியுங்கள். நம் நாட்டுப் பூண்டின் இலை நீண்டது, சொரசொரப்பானது, ஓரம் பிளவுபடாதது. போலியின் இலை பளபளப்பானது; பெரும்பாலும் மூன்று பிளவாகத் தோன்றும். ஒவ்வொருவர் கட்டையும் பச்சையாயிருக்கும்போதே தனித்தனியே அவிழ்த்துப் பார்த்து, அதன் பின்னரே எடை போடுக. நம் பூண்டை வேரோடு பறிக்காமல் நுனியை மட்டும் கிள்ளுக. போலியை வேரோடு களைந்து, வெயிலில் நன்கு காய்த்துக் கொளுத்துக. வாய்க்காலில் எறியலாகாது, அதன் கணுத்துண்டு ஒவ்வொன்றும் போய்ச் சேருமிடத்தில் வேர்விடும்.

நாளைக் காலை என்னுடன் வாய்க்கால் கரைக்கு வாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன். கீரை பறிக்கும் பெண்கள் அவசியம் வரவேண்டும். எடை போடுகிறவரும் வரவேண்டும்.