பன்னிரண்டு மாதங்களையும் ஒரே தாளில் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு முடிகிறது. கடைக்காரர் சரக்கைக் கணக்கெடுக்கிறார். கோயில் நிர்வாகம் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கிறது. ஆனால் பன்னிரண்டு மாதம் உழைத்த குடும்பம் மட்டும் கணக்குப் பார்க்காமல் புத்தாண்டுக்குள் நுழைகிறது.

“எங்கள் வீட்டில் மாதா மாதம் கணக்குப் பார்க்கிறோமே” என்று பலர் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் மாதக் கணக்கு முழு உண்மையையும் சொல்லிவிடாது. மாதத்தைச் சமாளித்துவிடும் குடும்பம் ஆண்டில் கடனாளி ஆவது எப்படி? அதை ஓர் எடுத்துக்காட்டின் வழி பார்ப்போம்.

கணவர் தொழிற்சாலையில் 3,200 வெள்ளி சம்பளம் வாங்குகிறார். மனைவிக்கு 1,700 வெள்ளி. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ போன்ற பிடித்தங்களும் போக, இருவர் கையிலும் சேர்ந்து ஏறக்குறைய 4,300 வெள்ளி வருகிறது.

இனி மாதச் செலவு. வீட்டுக் கடன் 1,100. கார் தவணை 550. மளிகை, காய்கறி, மீன் 1,000. மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, இணையம் 350. பெட்ரோல், டோல் 400. டியூஷன், பள்ளி வேன் 400. பெற்றோருக்கு 200. கோயில், இதர செலவு 100. மொத்தம் 4,100 வெள்ளி. மாதம் 200 வெள்ளி மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 2,400. பரவாயில்லை, நல்ல குடும்பம் என்றுதான் தோன்றும்.

இப்போது, ஆண்டில் ஓரிரு முறை மட்டும் தலைகாட்டும் செலவுகளைப் பாருங்கள். தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம், விருந்து எல்லாம் சேர்த்து 2,500 வெள்ளி. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகம் 1,000. கார் காப்புறுதி, சாலை வரி 1,200. மோட்டார் சைக்கிளுக்கு 300. டயர், பேட்டரி, பழுதுபார்ப்பு 1,200. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு 1,000. வீட்டு வரி, நில வரி 500. ஊர்ப் பயணம் 800. பல் வலி, மூக்குக் கண்ணாடி போன்ற மருத்துவச் செலவு 500. கூட்டிப் பார்த்தால் 9,000 வெள்ளி!

மிச்சமோ 2,400. கணவருக்கு ஒரு மாத போனஸ் கிடைத்தால் பிடித்தம் போக ஏறத்தாழ 2,850 வெள்ளி. அதையும் சேர்த்தாலும் 3,750 வெள்ளி துண்டு விழுகிறது. எந்த மாதக் கணக்கிலும் இந்தத் தொகை ‘பற்றாக்குறை’ என்ற பெயரில் வராது. அக்டோபரில் தீபாவளிக் கடன் என்றும், டிசம்பரில் பள்ளிக்கூடச் செலவு என்றும், மார்ச்சில் கார் செலவு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வரும். 2026-ஆம் ஆண்டு முதல் பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், தீபாவளியும் பள்ளித் திறப்பும் இன்னும் நெருங்கி வந்துவிட்டன.

துண்டு விழுந்த பணம் எங்கிருந்து வருகிறது? கடன் பற்று அட்டையிலிருந்து, அல்லது அடகுக் கடைக்குப் போகும் தாலிச் சங்கிலியிலிருந்து. நம் நாட்டில் கடன் பற்று அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டி வருபவர், கடனைக் கட்டுவதாக நினைத்துக்கொண்டு அதைச் சுமந்துகொண்டே இருக்கிறார். மூன்று ஆண்டு இப்படியே போனால், வட்டியைச் சேர்க்காமலேயே 11,250 வெள்ளி கடன். சம்பளம் போதவில்லை என்று இந்தக் குடும்பம் சொல்லும். உண்மையில், ஒன்பதாயிரம் வெள்ளியை அது ஒரு நாளும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

ஆகவே டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கணவனும் மனைவியும் உட்கார வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளைகளும் உடன் இருக்கட்டும். பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, ரசீதுகளை எடுத்து வையுங்கள். ஒரே தாளில் மூன்று பகுதி போடுங்கள். முதலாவது, மாதச் செலவு. இரண்டாவது, ஆண்டுச் செலவு. மூன்றாவது, மொத்தக் கடனும் மொத்தச் சேமிப்பும். போன ஆண்டைவிடக் கடன் குறைந்ததா, சேமிப்பு கூடியதா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் போதும்.

மூன்றாவது பகுதிதான் கடினமானது. நண்பருக்காகக் கணவர் போட்ட ஜாமீன் கையெழுத்தும், மனைவி அண்டை வீட்டாரோடு சேர்ந்து போட்ட ‘கூட்டு’ப் பணமும் அங்கேதான் வெளியே வரும். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பணத்தோடு ஒருவர் ஓடிவிட்டால் மீட்பது எளிதல்ல. மறைத்த கடன் ஒரு நாள் வட்டி முதலையின் வடிவில் வாசலுக்கு வந்து நிற்கும். அன்றைக்குத் தெரிவதைவிட இன்றைக்கே தெரிவது நல்லது. அந்த மாலையில் யாரும் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. கணக்கு நீதிமன்றம் ஆகிவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

சரி, 3,750 வெள்ளியை எப்படி அடைப்பது? தீபாவளிச் செலவில் 1,000 குறைக்கலாம். சந்தைச் செலவில் மாதம் 100 குறைத்தால் ஆண்டுக்கு 1,200. கைப்பேசி, இணையத் திட்டத்தில் மாதம் 50 குறைத்தால் 600. கார் காப்புறுதியில் 200 மிச்சம் பிடிக்கலாம். 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கு நிறுவனங்கள் தத்தம் கட்டணத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே, மூன்று இடத்தில் விலை கேட்பதில் தவறில்லை. மொய்யிலும் பயணத்திலும் 750. ஆக, 3,750 வெள்ளி அடைபட்டுவிடும். அதன் பிறகு, சம்பளம் வந்த நாளிலேயே ஆண்டுச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். போனஸ் கிடைத்ததும் அதே கணக்கிற்குத்தான் போக வேண்டும்.

இதனால் கடன் வளர்வது நிற்கும், அவ்வளவுதான். சேமிப்பு எப்போது பிறக்கும்? கார் கடன் முடியும் மாதத்தில். அந்த 550 வெள்ளியைப் புதுக் காருக்குக் கொடுக்காமல், அதே தேதியில் சேமிப்புக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 6,600 வெள்ளி சேரும். மூன்று மாதக் குடும்பச் செலவு கையிருப்பாகும் வரை அதைத் தொடக்கூடாது.

ஊழியர் சேமநிதி இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2020 முதல் 2022 வரை கோவிட் காலத்தில் சிறப்பு மீட்புத் திட்டங்களின் வழி 14,500 கோடி வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2024 மே மாதம் தொடங்கப்பட்ட நெகிழ்வுக் கணக்கு வேறு. சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடக்கூடாது. 35 வயதில் எடுக்கும் 10,000 வெள்ளி, ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈவு கிடைப்பதாகக் கொண்டால், 55 வயதில் 32,000 வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு தீபாவளிக்கு அது மிகப் பெரிய விலை.

கணக்குப் போட்ட பிறகும் அடைக்க முடியாத கடன் என்றால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைக்கவும் அது உதவுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு வட்டி முதலையிடம் போவதைவிட, அங்கே போவதுதான் கௌரவம்.

வீட்டில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். அடுத்த டிசம்பரில் அதே தாளை எடுத்து ஒப்பிடுங்கள். கடன் நூறு வெள்ளி குறைந்திருந்தாலும் அந்தக் குடும்பம் முன்னேறுகிறது என்றுதான் பொருள்.