போர்த் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியான கதை

யுத்தம் முடிந்தால் வீரர்கள் வீடு திரும்புவர். அவர்கள் தோளிற் சுமந்த ரைபிள்கள் எங்கே போகின்றன? சில உருக்குலைக்குப் போகும். சில வேறொரு நாட்டின் வேறொரு சண்டைக்கு விலைப்படும். மிகப் பல, எண்ணெய் பூசப்பட்டுப் பெட்டிகளிலே ஆண்டுக்கணக்காக உறங்கும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, இரு உலக மகாயுத்தங்களின் பின்பும், பெருந்தொகையான ரைபிள்களுக்கு இன்னொரு கதி வாய்த்தது. ஆலைத் தொழிலாளியும் கமக்காரனும் சிறு உத்தியோகத்தனும் அவற்றைச் சில டொலர் கொடுத்து வாங்கி, வீட்டுக் கொட்டிலில் வைத்து அறுத்தும் அராவியும் மான் வேட்டைக்கேற்ற துப்பாக்கிகளாக மாற்றிக்கொண்டனர்.

நம் கிராமங்களிலே துவக்கு வைத்திருப்பவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்குள்ள மலைநாட்டுக் குடும்பங்களுக்கோ, இலையுதிர் காலத்திலே சுடப்படும் ஒரு மான் குளிர்காலம் முழுவதற்கும் இறைச்சி. ஆகவே நல்ல ரைபிள் என்பது அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. ஆனால் 1960ஆம் ஆண்டளவிலே வின்செஸ்டர் முதலிய பெயர்பெற்ற கம்பனிகளின் புதிய வேட்டை ரைபிளொன்றுக்கு நூறு டொலருக்கு மேற் கொடுக்கவேண்டும். பழைய இராணுவ ரைபிளோ, தபாற் கட்டளை மூலம், பத்துப் பதினைந்து டொலருக்கே கிடைத்தது. இந்த விலை வித்தியாசமே கதையின் வேர்.

போருக்குச் செய்த கருவி வேட்டைக்கு எவ்வாறு பொருந்தும் என்று நேயர்கள் வினவலாம். இரண்டுக்கும் உயிர்நிலை ஒன்றே. தோட்டா வெடிக்கும்போது எழும் பேரழுத்தத்தைத் தாங்கிக் கதவுபோற் பூட்டி நிற்கும் 'போல்ட்' என்னும் தாழும், அத்தாழ் அமர்ந்திருக்கும் 'ரிசீவர்' என்னும் உருக்குக் கூடுமே அந்த உயிர்நிலை. ஜெர்மானியரான போல் மௌசர் வகுத்து, 1898இல் அந்நாட்டுச் சேனை ஏற்றுக்கொண்ட அமைப்பு, இன்றுவரை வேட்டை ரைபிள்களுக்கு முன்மாதிரியாக நிற்கிறது. அமெரிக்கரின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்ட் ரைபிள் அதனை எவ்வளவு நெருங்கிப் பின்பற்றியதென்றால், அமெரிக்க அரசாங்கம் மௌசர் கம்பனிக்கு இரண்டு இலட்சம் டொலர் உரிமைப் பணம் செலுத்த நேர்ந்தது. குமாவோன் மலைப்பகுதியிலே ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கோர்பெட் என்பவருக்கு, சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக 1907இல் பரிசளிக்கப்பட்ட ரிக்பி ரைபிளும் மௌசர் அமைப்பிலே கட்டப்பட்டதே.

இந்த மோகத்தைத் தொடக்கி வைத்தவர்களுள் ஒருவர் ஏழையல்லர். ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட். 1909இல் ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் புறப்பட்டபோது, வேட்டைக்கேற்ற மரப்பிடி பொருத்திய ஸ்பிரிங்பீல்ட் ஒன்றையும் அவர் கொண்டுசென்றார். அரசாங்க ஆயுதசாலையே அதனை அவருக்காக அமைத்துக் கொடுத்தது. சாமானியனுக்கு அந்த வாய்ப்பு வந்தது முதலாவது யுத்தத்தின் பின்னர்தான். தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அரசாங்கமே பழைய ரைபிள்களை மலிவாக விற்றது. இரண்டாவது யுத்தத்தின் பின்னரோ வெள்ளம்போல் வந்தன. வீரர்கள் தாமே கொண்டுவந்த ஜெர்மன் மௌசர்களும் ஜப்பானிய அரிசாக்காக்களும் ஒருபுறம். மறுபுறம், 1953இல் சாமுவேல் கமிங்ஸ் என்பவர் தொடங்கிய வாணிப நிலையம், பற்பல நாடுகளின் பழைய ஆயுதங்களை வாங்கி, வேர்ஜீனியாவின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துப் பண்டகசாலைகளிலே குவித்தது.

இனி வேலையைப் பார்ப்போம். போர் ரைபிளின் குழலை ஏறக்குறைய நுனிவரை மரம் மூடியிருக்கும். தொடர்ந்து சுடும்போது சூடேறும் குழல் வீரனின் கையைச் சுடாதிருக்கவும், துப்பாக்கிமுனைக் கத்தி கொண்டு போரிடும்போது தாங்கவும் அந்த மரம் வேண்டும். மானை நோக்கி ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு வெடி வைப்பவனுக்கு அது வீண் சுமை. ஆகவே முதலில் வாள் எடுத்து முன்மரத்தை அறுப்பர். கத்தி மாட்டும் கொளுவி, தோல்வார் வளையங்கள், மேல்மரம் எல்லாம் கழலும். எஞ்சிய மரத்தை அரத்தாலும் மணற்றாளாலும் இழைத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் நாட்கணக்கில் தேய்த்து ஏற்றுவர். கொஞ்சம் காசு மிஞ்சியவன், மிசூரி மாநிலத்து வோர்சோ என்னும் சிற்றூரிலிருந்து முக்காற்பங்கு கடைந்து வரும் வாதுமை மரப்பிடியைத் தருவித்து, எஞ்சிய காற்பங்கைத் தானே செதுக்கிப் பொருத்துவான். அந்தச் சிறிய ஊரிலே பிஷப், பாயன் என்ற இரு மரப்பிடித் தொழிற்சாலைகள் இந்த மோகத்தினால் வாழ்ந்தன.

தொலைநோக்கி பொருத்த விரும்பினால் சங்கடம் தொடங்கும். மௌசரின் தாழ்க்கைப்பிடி மேலே எழும்போது தொலைநோக்கியில் இடிக்கும். ஆகவே அதனை வளைக்கவோ வெட்டி ஒட்டவோ வேண்டும். பாதுகாப்பு விசையும் மேலே புரளுவது. அதையும் மாற்ற வேண்டும். 1917ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்க என்பீல்டிலோ, பின் குறிமுள்ளைக் காக்க இருபுறமும் யானைக்காது போல உருக்கு எழுந்து நிற்கும். அதைச் சாணையில் தேய்த்து ஒழிக்கவேண்டும். பிரித்தானிய லீ-என்பீல்ட் வேறு வகையிலே பழிவாங்கும். அதன் குழலும் முன்மரமும் ஒன்றையொன்று அழுத்தித் தாங்குமாறு அமைக்கப்பட்டவை. அழகு கருதி மரத்தைக் குறுக்கியவன், முன்பு நேராகச் சென்ற குண்டு இப்போது வேறெங்கோ செல்வதைக் கண்டு திகைப்பான். தச்சுவேலை தெரிந்தவனுக்குத் துப்பாக்கி வேலையும் தெரியும் என்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலையிலே, ஆரம்ப காலத்தில், உருக்கைக் காய்ச்சும் கொல்லர்கள் அதன் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே பதம் அறிந்தனர். அனுபவம் மிக்கவர்கள்தாம். ஆனால் 1917இல் ரிசீவர்கள் வெடித்துச் சிதறியபோது காரணத்தை ஆராய்ந்தவர்கள், வெப்பமானியை வைத்துப் பார்த்து வியந்தனர். வெயில் நன்கு எறிக்கும் நாளிலே கொல்லனின் கண் 'சரியான பதம்' என்று கூறிய வெப்பம், மந்தாரமான நாளிலே அதே கண் கூறியதைவிட 300 பாகை பரனைற்று வரை கூடியிருந்தது! வெளிச்சம் மிகுந்த இடத்திலே செந்தணலின் ஒளி மங்கித் தோன்றுமல்லவா? அவ்வாறு அளவுக்கு மிஞ்சிக் காய்ந்த உருக்கு, கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. ஜூலியன் ஹாச்சர் என்ற சேனை அதிகாரி 1947இல் வெளியிட்ட குறிப்பு நூலில் இவ்விவரங்களைப் பதிந்துள்ளார். ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலையின் 800,000க்குக் குறைந்த தொடர் இலக்கமும், ரொக் ஐலண்ட் ஆயுதசாலையின் 285,507க்குக் குறைந்த இலக்கமும் கொண்டவை இச்சந்தேகத்துக்குரியவை. அவற்றுட் பல நன்றாகவே உழைத்தன. எது உடையும், எது உடையாது என்று வெளியே பார்த்துச் சொல்ல இயலாது. மலிவாய்க் கிடைத்ததென்று ஒருவன் வாங்கி, மரம் மாற்றி மினுக்கி மகன் கையிற் கொடுத்த துப்பாக்கி அவ்வகையினதாக இருக்கலாம். பொதுமக்களுக்குப் பழைய ரைபிள் விற்கும் அமெரிக்க நிறுவனம், குறைந்த இலக்கத்து ஸ்பிரிங்பீல்டுகளைச் சுடவே வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறது.

ஜப்பானிய அரிசாக்காவின் கதை இதற்கு நேர்மாறு. பார்வைக்குக் கரடுமுரடான அந்த ரைபிளை ஏளனம் செய்தவர் பலர். பி. ஓ. ஆக்லி என்ற துப்பாக்கி வல்லுநர், பழைய போர் ரைபிள்களைக் கூடிய அழுத்தத் தோட்டாக்களால் வேண்டுமென்றே சிதைத்துப் பரிசோதித்தபோது, கடைசிவரை தாக்குப்பிடித்தது அரிசாக்காவே. ஆயினும் அதே உருவத்தில், பாடசாலை மாணவரின் அணிநடைப் பயிற்சிக்கென்று செய்த போலி ரைபிள்களும் இருந்தன. அவை மெய்யான தோட்டாவைத் தாங்கா. இரண்டையும் வேறுபடுத்தி அறியாதவன் உயிரோடு விளையாடினான்.

இத்தனைக்கும் மிச்சம் பிடித்தது எவ்வளவு? ரைபிள் பத்துப் பதினைந்து டொலர். மரப்பிடி, விசை, பாதுகாப்புத் தாழ், தொலைநோக்கி, அதைத் தாங்கும் அடிக்கட்டு, கைப்பிடி வளைத்த கொல்லன் கூலி, கருநீலம் பூசிய கூலி என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால், புதிய ரைபிளின் விலைக்கு அருகே போய்விடும். வீடு கட்டுபவன் கணக்கு எழுதாதிருப்பதுபோல, இவர்களும் பெரும்பாலும் கணக்கு எழுதவில்லை. உண்மையாகவே சிக்கனம் செய்தவன், மரத்தை மட்டும் குறுக்கி, இருந்த இரும்புக் குறிமுள்ளோடு காட்டுக்குப் போனவன்தான்.

மலிவு விலையின் இருண்ட பக்கமும் வெளிப்பட்டது. 1963 மார்ச்சிலே, சிக்காகோக் கடையொன்றிலிருந்து தபால் மூலம், தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய இராணுவ ரைபிளொன்று பொய்ப்பெயரில் வாங்கப்பட்டது. தபாற் செலவு நீங்கலாக விலை 19 டொலர் 95 சதம். அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதி கெனடி அதனாற் சுடப்பட்டார். 1968இல் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், சாதாரண மக்கள் தபால் மூலம் துப்பாக்கி தருவிப்பதை நிறுத்தியது. இராணுவ மிகுதி ஆயுதங்களின் இறக்குமதியையும் தடுத்தது. 1984இல் பழம்பொருள் வகைக்குச் சட்டம் தளர்த்தப்பட்டது.

மற்ற நாடுகளிலும் இவ்வேலை நடந்தது. யுத்த முடிவில் ஜெர்மானியர் நோர்வேயில் விட்டுச்சென்ற மௌசர்களுக்கு நோர்வேஜியர் அமெரிக்கத் தோட்டாவுக்குரிய குழலைப் பூட்டிக்கொண்டனர். கொங்ஸ்பேர்க் ஆயுதசாலை அந்த உருக்குக் கூடுகளிலே வேட்டை ரைபிள்களும் செய்தது. இந்தியாவிலே .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடுக்கப்பட்டது; எனவே அரசாங்கத் தொழிற்சாலை, அதே லீ-என்பீல்ட் அமைப்பிலே, .315 என்னும் வேறு அளவுத் தோட்டாவுக்கு ரைபிள் செய்து உத்தரவுப்பத்திரம் உள்ளோர்க்கு விற்றது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கைபடாத பழைய போர் ரைபிளைத் தேடிச் சேகரிப்பவர்கள் உயர்ந்த விலை கொடுக்கின்றனர். அறுத்து மாற்றிய அதே ரைபிளுக்கு அதிற் சொற்ப பங்கே கிடைக்கிறது. தந்தை ஆசையோடு இழைத்து வைத்ததை மகன் விற்கப் போனால், கடைக்காரன் உதட்டைப் பிதுக்குகிறான். தந்தைமீது குறைகூற நியாயமில்லை. அவர் கண்ட காலத்தில் அது பெட்டிக்கணக்காய்க் கிடந்த மலிவுச் சரக்கு. சிலர் இப்போது பழைய நீள மரங்களைத் தேடி வாங்கி, ரைபிளை மீண்டும் போர்க்கோலத்துக்குக் கொண்டுவர முயல்கின்றனர். மரத்தை மாற்றலாம், வளையங்களையும் தேடிப் பூட்டலாம். தொலைநோக்கிக்காக ரிசீவரிலே துளைத்த நாலு துவாரங்கள் மட்டும், சிறு திருகாணிகளால் அடைக்கப்பட்டு, அப்படியே இருக்கின்றன.