எம்-சீலும் எஞ்சினும்



சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகளுக்குப் போகும் கரிசல் பாதைகளில், கல் எகிறி எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சேம்பரில் அடித்து விரிசல் விழுவது சாதாரணம். சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகும். வண்டிக்காரர் உடனே தேடுவது எம்-சீல் என்ற எபாக்சி ஒட்டுப்பசையைத்தான். "ஒட்டுப்போட்ட வண்டி" என்று கேலி பேசுவார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. இடம் அறிந்து செய்தால் அது நல்ல கைவேலை.

சேம்பரில் ஆயில் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே அழுத்தம் கிடையாது. அலுமினியச் சேம்பரை வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் கழற்றி இறக்கி, ஆர்கான் வெல்டிங் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வெடிமருந்து இருக்கும் வளாகத்தில் தீப்பொறியை நினைத்தே பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில், நெருப்பில்லாமல் உலோகத்தை அடைக்கும் பொருளுக்கு மவுசு இருக்கத்தானே செய்யும்?

இதே எபாக்சி வகையைச் சேர்ந்த அரால்டைட்டைச் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சினுக்கென்றே பேர்போன ஜே-பி வெல்டு 1969இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தது. எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றே: ஒரு பிசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர்.

ஒட்டுவது கடைசி ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தியதில்தான் ஆளின் திறமை தெரியும். ஆயிலை வடித்து ஓர் இரவு விட வேண்டும். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. விரிசலை நெடுகக் கொஞ்சம் அகலப்படுத்தி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைக்க வேண்டும். துடைத்த துணியில் கறை வந்தால் மறுபடியும் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பிசினும் பிடிக்காது. பிறகு இரண்டு நிறக் கட்டிகளையும் சம அளவு கிள்ளி, விருதுநகர்ப் பரோட்டாவுக்கு மாவு பிசைவதுபோல ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். கையுறை அவசியம், ஹார்டனர் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கலவை கையிலேயே இறுகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைவதே புத்தி.

இனி, கூடாத இடங்கள். சாதாரண எபாக்சி நூறு டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். ஓடும் எஞ்சினில் ஆயில் அதையும் தாண்டிச் சுடும். அதனால் சேம்பருக்கே உலோகத்தூள் கலந்த, வெப்பம் தாங்கும் வகைதான் வேண்டும். சிலிண்டர் ஹெட், புகைபோகும் மேனிஃபோல்டு, அழுத்தத்தில் ஆயில் ஓடும் வழி, பெட்ரோல் குழாய் ஆகிய நான்கிலும் எந்த எபாக்சியும் வேண்டாம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியிலும் அது சரியாக ஒட்டாது. எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடியதும் பிய்த்துக்கொள்ளும்.

பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடு வண்டியானால் நான் இன்னும் கறார். கசியும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பற்றலாம். அந்த வண்டிக்குப் புதுச் சேம்பர்தான்; செலவைப் பார்க்கக் கூடாது.

சொந்தக் காரென்றால் 24 மணி நேரம் இறுக விட்டு, ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, அடியில் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போட்டுவையுங்கள். காலையில் அதில் பொட்டு விழுந்திருந்தால் மேலே இன்னொரு பூச்சு பூசாதீர்கள். முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, துடைப்பதிலிருந்து தொடங்குங்கள்.