யந்திரம் நிற்கும் நேரத்து ஜாக்கிரதை

(தஞ்சை மாவட்டத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாற்றங்காலையும் வாய்க்காலையும் பற்றிப் பேசக் கூடும் இடத்தில் தச்சுப் பட்டறையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். முன்காலத்தில் கிராமத்துத் தச்சர் கலப்பையும் வண்டிச் சக்கரமும் செய்து கொடுத்துக் களத்து நெல்லைக் கூலியாகப் பெற்றுச் சென்றார். இன்று உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. தச்சர் நிலையும் கதவும் கட்டிலும் செய்து பிழைக்கிறார். அவருடைய பட்டறையில் துளையிடும் யந்திரம் நிற்கிறது. ரூட்டர் எனப்படும் மரம் குடையும் யந்திரம் இருக்கிறது. கணினியில் வரைந்த தாமரையையும் அன்னத்தையும் தானே கதவுப் பலகையில் செதுக்கித் தரும் பெரிய ரூட்டரையும் கடன் வாங்கிப் போட்டிருப்போர் உண்டு. அங்கே கூலிக்குப் போகிறவர்கள் யார்? சம்பா அறுவடை முடிந்தபின் மேட்டூர் அணை திறக்கும் வரையில் வயலில் வேலையில்லாத உங்கள் வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே இது உங்கள் விஷயந்தான்.

மரம் குடையும் தொழில் தஞ்சைக்குப் புதிதன்று. பலா மரத்தைக் குடைந்து இங்கே செய்யப்படும் தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வீணைக்குக் குடம் குடையும் ஆசாரியின் கை நின்றால் உளியும் நின்றுவிடும். யந்திரத்தின் சமாசாரம் வேறு. ரூட்டரில் மாட்டிய பிட் நிமிஷத்திற்கு 18,000 சுற்று, சில சமயம் 24,000 சுற்றுக்கூடச் சுற்றும். 18,000 என்றால் வினாடிக்கு 300 சுற்று. 12 மில்லி மீட்டர் குறுக்களவுள்ள பிட்டின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்குச் சுமார் 40 கிலோ மீட்டர் ஓடுகிறது. இப்படி ஓடும்போது அதன் அருகே கையைக் கொண்டுபோக யாரும் துணியமாட்டார். நின்றதும் பயம் தெளிந்துவிடுகிறது. பிட்டைக் கழற்றி வேறு மாட்டுவது அந்த நேரத்தில்தான். விரல்கள் வெட்டு வாயைத் தொட்டுக்கொண்டிருப்பதும் அப்போதுதான்.

நிற்கிற யந்திரம் எப்படித் தானே ஓடும் என்று கேட்பீர்கள். பம்புசெட்டு வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறது. மின்சாரம் போனதும் அது பிடியை விட்டுவிடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்த காலங்களில், கொல்லைக்கு ஓடச் சோம்பி, ஆட்டோ ஸ்டார்ட்டர் என்பதைப் பலர் மாட்டிக்கொண்டோம். மின்சாரம் வந்ததும் அது தானே மோட்டாரை ஓட்டிவிடும். நெல்வயலுக்கு அது சௌகரியம். அதே ஏற்பாடு பட்டறையில் இருந்தால் எமன் வாசலில் காத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவான துளை யந்திரங்கள் பலவற்றில் ஸ்டார்ட்டரே கிடையாது; வீட்டு விளக்குக்குப் போடுவதுபோன்ற சாதாரண சுவிட்சுதான். வேலை நடுவில் மின்சாரம் போகிறது. சுவிட்சு போட்டபடியே இருக்கிறது. ‘சும்மா நிற்பானேன், இந்த நேரத்தில் பிட்டையாவது மாற்றுவோம்’ என்று தச்சர் குனிகிறார். மின்சாரம் திரும்பி வரும்போது அவர் கை சக்கின் மேல் இருக்கிறது. அவர் செய்த பிழை சோம்பலன்று, சுறுசுறுப்பு! மின்வெட்டு என்பது பிட் மாற்றும் நேரமன்று என்பதை ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்டவேண்டும். மின்வெட்டில் முதலில் செய்யவேண்டியது சுவிட்சை அணைப்பது. புதிதாக யந்திரம் வாங்குகிறவர்கள் காயில் உள்ள ஸ்டார்ட்டரோடு வாங்குவதே நலம்.

கணினி ரூட்டரில் இன்னொரு கண்ணி. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் வேலை நிற்குமேயன்றி மின்சாரம் அறுபடுவதில்லை. பக்கத்தில் உள்ள பையன் விளையாட்டாக விசைப்பலகையைத் தட்டினால் சுழல் தண்டு மறுபடி கிளம்பலாம். சிவப்பு நிற அவசரப் பொத்தானும் எல்லா யந்திரங்களிலும் மின்சாரத்தை அடியோடு துண்டிப்பதில்லை. ஆதலால் பிட் மாற்றுமுன் மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்குங்கள். தகரப் பெட்டி சுவிட்சுகள் பலவற்றில் பூட்டு மாட்ட ஓட்டை இருக்கும். ஒரு சிறு பூட்டைப் போட்டுச் சாவியை மடியில் செருகிக்கொள்ளுங்கள். பிட் மாற்றுகிறவர் மடியில்தான் சாவி இருக்கவேண்டும்; முதலாளியின் மேஜையில் அன்று. எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. ஸ்பானரையும் பூட்டையும் ஒரே ஆணியில் தொங்கவிடுவது. ஸ்பானரை எடுக்க வரும் கைக்குப் பூட்டும் அகப்பட்டுவிடும். பிளக் உள்ள சிறு துளை யந்திரமானால், சக் சாவியைப் பிளக்குக்குப் பக்கத்திலேயே சிறு கயிற்றால் கட்டிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலன்றிச் சாவி சக்குக்கு எட்டாது. பூட்டிய பிறகும் ஒருமுறை ஓட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓடாவிட்டால்தான் பூட்டு சரி.

இனி மாற்றும் முறை. சுழல் தண்டு முற்றிலும் நிற்கும்வரை காத்திருங்கள். பலகையை வைத்து அழுத்தி நிறுத்தப் பார்க்காதீர்கள். அப்போதுதான் வெட்டிய பிட் கொதிக்கும். சற்று ஆறட்டும். பிட்டின் கீழே ஒரு துண்டுப் பலகையை வையுங்கள். நழுவினால் அதன் மேல் விழட்டும். விழுகிற அரிவாளைக் கையில் ஏந்துவார் உண்டா? ரூட்டர் பிட்டும் அரிவாளின் சாதிதான். தடித்த துணியால் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு ஸ்பானர்களையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கி, ஒன்றை நோக்கி மற்றொன்றை இறுக்கினால் கை வழுக்கி வெட்டு வாயில் போய் இடிக்காது.

பிட்டின் தண்டைக் கவ்வும் உறைக்குக் காலெட் என்று பெயர். அதில் பிசினும் மரத்தூளும் இருந்தால் பிரஷால் தட்டித் துடைக்கவேண்டும். வாயால் ஊதினால் தூள் கண்ணுக்கு வரும். கடைகளில் 6 மில்லி மீட்டர் தண்டும் விற்கிறது, கால் அங்குலத் தண்டும் விற்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லி மீட்டர். கால் அங்குலக் காலெட்டில் 6 மில்லி மீட்டர் பிட்டை மாட்டி எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நிலைக்காது. ஓட்டத்தில் பிட் நழுவி வெளியே பாயும். தண்டை உள்ளே முழுவதும் செருகி, அடியில் இடிக்காதபடி இரண்டு மூன்று மில்லி மீட்டர் வெளியே இழுத்து, அதன்பின் இறுக்குங்கள். நுனியில் மட்டும் கவ்வ விட்டால் பிட் ஒடியும். துளை யந்திரத்தின் சக்கில் மூன்று ஓட்டைகள் உண்டு; மூன்றிலும் சாவியைப் போட்டு முறுக்குவது நல்லது. சாவியைச் சக்கிலேயே விட்டு ஓட்டினால் அது கவண்கல்லாகிவிடும்.

மாட்டி முடிந்ததும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஸ்பானர்கள் ஆணிக்குத் திரும்பியதை எண்ணி, பிறகு பூட்டைத் திறக்கவேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கண்ணாடி அணிந்து, ஒரு நிமிஷம் மரம் இல்லாமல் வெறுமனே ஓடவிடுங்கள். கணினி ரூட்டரானால் புதிய பிட்டின் நீளத்திற்கேற்ப உயரத்தை மறுபடி குறிக்க மறக்கலாகாது. பழைய கணக்கில் ஓட்டினால் பிட் மேஜைக்குள் இறங்கித் தெறிக்கும்.

உடையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, மணிக்கட்டில் கோயில் கயிறு, மோதிரம் இவை ஓடும் யந்திரத்தருகே ஆகா. ஓடும்போது கையுறையும் கூடாது; பிட் அதை இழுத்துக் கையையும் சேர்த்து இழுக்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் மரங்கள் வீழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். புயலில் விழுந்த மரமும் பழைய வீடு பிரித்த மரமும் பட்டறைக்கு வரும்போது உள்ளே ஆணியும் கம்பியும் ஒளிந்திருக்கும். ஆணியில் மோதிய பிட் வெளிப்பார்வைக்கு முழுசாக இருந்தாலும் உள்ளே விரிசல் கண்டிருக்கலாம். அதை மறுபடி மாட்டக்கூடாது.

பஞ்சாயத்தார் இதில் என்ன செய்வது? ஓடும் யந்திரத்தில் கை வைப்பதற்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. ஆனால் மின்விசை கொண்டு பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த பட்டறைகள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. கதிரடிக்கும் விசையந்திரங்களில் கைகளை இழந்தோர் பலரானதால் 1983இல் பாராளுமன்றம் அபாயகரமான யந்திரங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. நம் ஊர்ப் பட்டறையிலோ இரண்டு பேர், மூன்று பேர். அங்கே இன்ஸ்பெக்டர் எப்போது வருவார்? ஊராட்சி எல்லைக்குள் விசையந்திரம் நிறுவப் பஞ்சாயத்தின் அனுமதி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்தது. அந்தப் பொறுப்பைக் காகிதத்தோடு முடித்துவிடாமல், ஒருமுறை பட்டறைக்குப் போய், ‘மெயின் சுவிட்சு எங்கே? பூட்டு எங்கே?’ என்று கேளுங்கள். சுவிட்சுக்கு முன்னால் பலகைகள் அடுக்கியிருந்தால் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லா ஜாக்கிரதைக்கும் அப்பால் விரல் துண்டாகிவிட்டால்? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட நீரில் வையுங்கள். ஐஸில் நேராக வைத்தால் சதை கெட்டுவிடும். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். 108க்குச் சொல்லும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள்.

வாசலில் துளை யந்திரம் ஒன்றும் ரூட்டர் ஒன்றும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இந்த ஊர்த் தச்சர் பூட்டுப் போட்டுப் பிட்டை மாற்றிக் காட்டுவார். பட்டறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முன்வரிசையை விட்டுக்கொடுங்கள். ஆளுக்கொரு முறை அவர்களே பூட்டிப் பார்க்கட்டும்.