சமையல் எண்ணெயும் மூளைக் கட்டியும்



பயாப்சி முடிவில் ‘கிளையோபிளாஸ்டோமா’ என்ற மூளைப் புற்றுநோய் என்று வந்துவிட்டால், குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் சாப்பாடு பற்றிய கேள்வி தப்பாமல் இருக்கும். எந்த எண்ணெயில் சமைக்கலாம், தேங்காய் எண்ணெய் நல்லதாமே, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கட்டுமா, சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி சுருங்குமா? கேட்பவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தவர்கள் அல்லர். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, வீட்டு அடுப்படியில் தங்களால் ஆனதைச் செய்துவிடத் துடிப்பவர்கள். உணவிலுள்ள கொழுப்பு அமிலங்களுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பேசக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு முதலில் அவர்களுக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

நோய் கொடியது. ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்றும் அதுவே அடிப்படைச் சிகிச்சை. மருந்து இவ்வளவுதான் தரும் என்னும்போது, உணவு பற்றி யார் என்ன சொன்னாலும் குடும்பங்கள் காது கொடுத்துக் கேட்பதில் வியப்பில்லை.

எண்ணெயும் கொழுப்பும் இந்த நோயை வரவழைக்கின்றனவா? இதைப் பெரிய அளவில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் மில்லியன் விமன் ஆய்வையும் அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆய்வுகளையும் இணைத்து, 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பதிவுகளை அலசிய கட்டுரை 2019-இல் வந்தது. அவர்களில் 2,313 பேருக்குப் பிற்காலத்தில் கிளையோமா (கிளையோபிளாஸ்டோமாவும் அடங்கிய மூளைக்கட்டி வகை) வந்திருந்தது. உணவு வகைகள், சத்துகள், உண்ணும் பழக்கங்கள் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தும் நோயோடு உறுதியான தொடர்பு எதுவும் தென்படவில்லை. கிளையோமாவுக்குப் புறக்காரணம் என்று ஐயமறத் தெரிந்தது மிகுந்த ஆற்றலுள்ள கதிர்வீச்சுதான். அது போகச் சில அரிய பரம்பரைக் கோளாறுகள் உண்டு. ‘நான் சமைத்துப் போட்டதால்தான் அவருக்கு வந்துவிட்டதோ’ என்று உள்ளுக்குள் புழுங்கும் மனைவிக்கு இந்த ஆய்வின் முடிவை எடுத்துச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

வந்த நோய்க்குக் கொழுப்பு தீனியாகிறதா என்பது வேறு கேள்வி. பல மேடைகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

நீரை நீக்கிவிட்டால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்கள்தான். அவற்றில் முக்கியமான டிஎச்ஏ என்ற ஒமேகா-3 அமிலம் பெரும்பாலும் உணவிலிருந்து வர வேண்டியது. ஆனால் ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. டிஎச்ஏவை உள்ளே கடத்திச் செல்லும் புரதம் எம்எஃப்எஸ்டி2ஏ என்பதை 2014-இல் சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு கண்டறிந்தது. காவல் அவ்வளவு கடுமையாக இருக்கும் இடத்தில், தட்டில் ஊற்றிய எண்ணெய் நேரே கட்டிக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

கொழுப்பைப் பெறக் கட்டிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பல கிளையோபிளாஸ்டோமாக்களில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அது எஸ்ஆர்இபிபி-1 என்ற புரதத்தை முடுக்கிவிட, செல் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பால் மிஷெலும் டெலியாங் குவோவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் இதைக் காட்டினார்கள். 2024-இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தின் லைலா அக்காரி குழு வெளியிட்ட முடிவு இன்னும் கலங்க வைப்பது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறை கட்டியால் சிதைகிறது. அந்தச் சிதைவைத் துப்புரவு செய்ய வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் கொழுப்பை விழுங்கி வயிறு நிறைத்துக்கொண்டு, கடைசியில் அதைப் புற்றுச் செல்களுக்கே ஊட்டிவிடுகின்றன. நோயாளி பட்டினி கிடந்தாலும் கட்டிக்குப் பட்டினி இல்லை. நோயாளியின் மூளையே அதற்குச் சோறு போடுகிறது.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. கிளீவ்லாந்து கிளினிக்கில் ஜஸ்டின் லாதியாவின் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குக் கட்டி வேகமாக வளர்ந்தது. மூளையில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் வேலை குன்றியதை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும் உணவுக்குத் தொடர்பே இல்லை என்று கதவைச் சாத்திவிடவும் முடியாது.

இந்திய ஆய்வு ஒன்று இந்த அவையில் விரிவாகப் பேசப்பட வேண்டும். 1990-களில் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உண்டுர்த்தி தாஸும் சக மருத்துவர்களும் காமா லினோலெனிக் அமிலத்தைக் கிளையோமா கட்டிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். இரட்டைப் பிணைப்புகள் பல கொண்ட இந்த அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும்போது புற்றுச் செல்லின் சவ்வு குலைகிறது. இயல்பான செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. இதுவே அவர்கள் கருதுகோள். ஸ்கேனில் கட்டி சுருங்கியதாகவும் பதிவு செய்தார்கள். நோயாளிகள் சிலரே, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. அதனால் அது சிகிச்சையாக நிலைபெறவில்லை. ஆனால் 2012-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டிக்ஸனும் பிரெண்ட் ஸ்டாக்வெல்லும் சக ஆய்வாளர்களும் ‘ஃபெரோப்டோசிஸ்’ என்று பெயரிட்ட செல்மரணம், இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் நிகழ்வதுதான். இன்று கிளையோமா ஆய்வில் பலரும் துரத்தும் வழி அது. ஹைதராபாத்தில் விட்ட இடத்திலிருந்து முறையான ஒப்பீட்டு ஆய்வாக அதை எடுத்து நடத்த இந்திய நிறுவனங்கள் முன்வர வேண்டும். ஒன்றை மட்டும் நோயாளிகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிக்குள் ஊசி வழியாகச் செலுத்துவது வேறு. அதே அமிலம் உள்ள ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை வாயில் போட்டு விழுங்குவது வேறு.

கீட்டோ உணவு பற்றிய நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் இந்த முறையை 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸல் வைல்டர் வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்தார். 1995-இல் லிண்டா நெபெலிங், முற்றிய மூளைக்கட்டியுள்ள இரண்டு குழந்தைகளுக்கு எம்சிடி என்ற நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் கலந்த கீட்டோ உணவு கொடுத்து, கட்டி குளுக்கோஸை எடுப்பது சராசரியாக 21.8 சதவீதம் குறைந்ததாக எழுதினார். அங்கிருந்து கிளம்பிய நம்பிக்கை ஜெர்மனியில் சோதனைக்கு வந்தது. 2014-இல் வெளியான எர்கோ ஆய்வில் நோய் திரும்பிய 20 பேர் கீட்டோ உணவு எடுத்தார்கள். உணவைக் கடைப்பிடிக்க முடிந்தது, கட்டியைத் தடுக்க முடியவில்லை. 2020-இன் எர்கோ-2 ஆய்வில் 50 பேர். மறுகதிர்வீச்சை ஒட்டி ஒரு பிரிவினர் ஒன்பது நாள் கீட்டோவும் உண்ணாநோன்புமாக இருந்தார்கள். நோய் முன்னேறாமல் நின்ற காலத்தில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சுகரை ஏற்றிவிடும் மருந்து என்பதையும் மறந்துவிடக் கூடாது; அதை எடுத்துக்கொண்டே கீட்டோவால் சுகரை இறக்குவது பெரும் போராட்டம்.

தேங்காய் எண்ணெய்க்கு வரலாம். எம்சிடி தேங்காயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது என்பதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவியிருக்கிறது. எம்சிடியில் இருப்பவை பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட அமிலங்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் அவை ஏறக்குறைய 15 சதவீதம். பாதியளவு 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். தாளிப்பதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருந்தென்று தம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் நோயாளிக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். மீன் எண்ணெய் மாத்திரையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். நெதர்லாந்தின் எமில் வூஸ்ட் குழு 2015-இல் காட்டியபடி, அதிலுள்ள ஒரு கொழுப்பு அமிலம் எலிகளில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தின் பலனையே கெடுத்தது. கீமோ நாள்களையொட்டி மீன் எண்ணெயைத் தவிர்க்கச் சொன்னது அந்தக் குழு. டெமோசோலமைடோடு அப்படி நடக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்க வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு சான்றே போதும்.

நம் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டுகளில் உணவுக்கு நேரே ‘மிக்ஸ்டு டயட்’ என்ற இரண்டு சொல்லோடு பதிவு முடிந்துவிடுகிறது. நல்லெண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதி, ரேஷன் பாமாயிலில் பால்மிடிக் அமிலம் மிகுதி, தெற்கே தேங்காய் எண்ணெய்ப் புழக்கம் அதிகம். இவ்வளவு வேறுபாடுள்ள மண்ணில் அந்த இரண்டு சொல்லால் ஆய்வாளருக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த எண்ணெய், எத்தனை பேருக்கு மாதம் எத்தனை லிட்டர், என்னென்ன சத்து மாத்திரை, ஸ்டீராய்டு எந்த அளவு, ஒவ்வொரு வருகையிலும் எடை எவ்வளவு என்ற ஐந்து விவரங்களைக் குறித்து, சிகிச்சை தொடங்குமுன் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து வைத்தால் போதும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதன் சவ்விலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தால் முந்தைய மாதங்களின் உணவு ஓரளவு தெரிந்துவிடும். நரம்பறுவை மருத்துவர்களும் உணவியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு நாளில், எல்லா மையங்களும் ஒரே மாதிரி நிரப்பக்கூடிய பதிவுத்தாள் ஒன்றை வரைந்து முடிக்கும்படி முதல் அமர்வின் பொறுப்பாளர்களை இந்தத் தலைமையுரை கேட்டுக்கொள்கிறது.